மூத்தவளுக்கு அடித்த அதே பத்திரிகை

2023 ஆடி மாதக் கடைசி. ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்க ஆட்கள் வரத் தொடங்கும் நேரம். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதன் மடிப்பை உள்ளங்கையால் நீவி மேசைமேல் வைத்தார்.

"மூத்தவளுக்கு நீங்கள் அடித்துக் கொடுத்ததுதான். சின்னவளுக்கும் இதே மாதிரி வேண்டும். பேரையும் தேதியையும் மாற்றினால் போதும். வேறு எதையும் தொடாதீர்கள்."

2017 வைகாசியில் அடித்தது அது. தர்மபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, கணினியில் அச்சுப் பக்கங்களை அமைத்துக் கொடுக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். இப்படிப் பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களால்தான் கடை ஓடுகிறது. ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு 2017 ஃபோல்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. மேலே பச்சைப் பட்டை ஒன்று நத்தை போல நகர்ந்தது. கணினிப் பெட்டியின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு வழக்கமாக விட்டு விட்டு எரியும். அன்று அணையாமல் எரிந்துகொண்டே நின்றது. பெட்டிக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல மெல்லிய சத்தம்.

அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருக்கிறது.

2016இல் இதே கடையில் ஒரு ஹார்டு டிஸ்கை நானே என் கையால் கொன்றிருக்கிறேன். அது 160 ஜிபி. கணினியைப் போட்டதும் "டக், டக், டக்" என்று சீராகத் தட்டும். பிறகு திரை கறுப்பாகவே நிற்கும். அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடி அணைத்துவிட்டுப் போட்டேன். அன்று மாலைக்குள் இருபது முறையாவது போட்டிருப்பேன். யாரோ சொன்னார்கள் என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தேன். வெளியே எடுத்தபோது அதன்மேல் நீர் பூத்திருந்தது. அப்படியே மாட்டினேன். கடைசியாக ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டியூப்லைட் வெளிச்சத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போல மின்னிய தட்டில் வளையமாக ஒரு கீறல். பெங்களூரில் தகவல் மீட்கும் இடம் ஒன்றில் விசாரித்தபோது, மூடியைத் திறந்த டிஸ்க் என்றதுமே கை விரித்துவிட்டார்கள். பதின்மூன்று ஆண்டு வேலை போயிற்று.

அந்த "டக் டக்" சத்தத்துக்கு என்ன பொருள் என்று பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். ஹார்டு டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் தலை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. தலை கெட்டுப்போனால் தட்டில் தன் இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் ஓரத்துக்குத் திரும்பி, மறுபடி தேடி, மறுபடி திரும்புகிறது. அந்தத் திரும்பல்தான் சத்தம். அந்த நிலையில் ஒவ்வொரு முறை போடும்போதும் கெட்ட தலை நல்ல தட்டைக் கீறக்கூடும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தூசியற்ற அறை வைத்திருப்பவர்கள் தலையை மாற்றித்தான் படிக்க வேண்டும். அந்தச் செலவுக்கு உங்கள் ஃபைல்கள் தகுமா என்று முடிவு செய்யும்வரை அதை மின்சாரத்தோடு சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான் நாம் செய்யக்கூடியது. ஃப்ரீசர் வைத்தியம் எந்தப் புண்ணியவான் கிளப்பியதோ, இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த தட்டின்மேல் ஈரம் படியும். அதன்மேல் தலை ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

இப்போது 2023க்கு வருகிறேன். இம்முறை சத்தம் தட்டலில்லை, சுரண்டல். அணையாத விளக்கு. இது வேறு நோய். தலை நன்றாகத்தான் இருக்கிறது. தட்டில் சில இடங்கள் படிக்க முடியாமல் போய்விட்டன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நோய்க்கு நம் கையில் மருந்து உண்டு, அவகாசம் மட்டும் குறைவு.

பெரியவரிடம் பழைய பத்திரிகையை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "நாளைக்கே வரட்டுமா?" என்றார். மூன்று நாள் கேட்டேன். முகம் சுருங்கியது. "எங்கள் அண்ணன் மகன் செல்போனிலேயே பத்திரிகை செய்துவிடுகிறான்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார்.

அவர் போனதும் ஒசூரில் வேலை பார்க்கும் என் மைத்துனனுக்குப் போன் செய்தேன். கணினிகளைப் பராமரிப்பதுதான் அவன் வேலை. அவன் முதலில் கேட்ட கேள்வி: "மாமா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா?"

"ஆமாம். பிழை சரிபார்க்கவா என்று விண்டோஸே கேட்கிறது. கொடுக்கலாமா?"

"கொடுக்காதீர்கள். ஒரே ஒரு திரையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அணைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்."

அந்தத் தடுப்பை இங்கே கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். விண்டோஸின் பிழைதிருத்தும் கருவி, செக்டிஸ்க், டிஸ்க் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலை செய்வது. கெட்டுப்போகும் டிஸ்கில் அதை ஓடவிட்டால் தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். படிக்க முடியாத இடத்தில் ஃபோல்டரின் விவரம் இருந்தால், அதைத் "திருத்துகிறேன்" என்று சொல்லி வெட்டி எறிந்துவிடும். வீடு இடிந்து விழப்போகிறது என்றால் முதலில் பண்டபாத்திரங்களை வெளியே எடுத்துப் போட வேண்டும். கொத்தனாரை அழைத்துப் பூச்சு வேலை பார்ப்பது அதற்கப்புறம்.

அவன் கேட்ட திரை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளின் திரை. ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற கணக்கை அது காட்டும். அதில் முப்பது வரிகள் இருந்தாலும் எனக்கு வேண்டியவை நான்குதான். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தவிப்பில் நிற்கும் பகுதிகள். சி6, முற்றிலும் கைவிடப்பட்டவை. 09, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. என் டிஸ்கில் சி5 வரியில் 148 என்று இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். மைத்துனன் சிரித்தான். அந்தக் கட்டத்தில் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுவது அந்த மென்பொருளின் வழக்கம். 148 என்றால் நம் கணக்கில் 328. அமைப்பில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் பார்த்தால் 09 வரியில் ஏறத்தாழ 21,000 மணி.

இந்தக் கணக்கை முழுதாக நம்பிவிடவும் கூடாது. கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வெப்பநிலை தவிர்த்த ஸ்மார்ட் கணக்கு எதிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தவை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: படிப்பதில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. எனவே அந்த மென்பொருள் நலம் என்று காட்டும் நீல நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எச்சரிக்கும் மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் புதிய 1 டிபி டிஸ்க் ஒன்றோடும் விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டும் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடும் வந்தான். டிஸ்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து சொருகும் யுஎஸ்பி உறை வேண்டாம் என்றான். கெட்ட இடத்தில் டிஸ்க் திணறும்போது அந்த உறைகள் இணைப்பையே துண்டித்துவிடும். கடையின் இன்னொரு கணினியைத் திறந்து இரண்டு டிஸ்கையும், டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் நேராக மாட்டினோம். கெட்ட டிஸ்கை மேசைமேல் ஒரு மரப்பலகையில் கிடத்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். சூடு ஏறினால் பிழையும் கூடும்.

அடுத்து அவன் செய்ததைப் பார்த்து, இவன் ஏன் இவ்வளவு இழுக்கிறான் என்று முதலில் எரிச்சல் வந்தது. இரண்டு டிஸ்குகளின்மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்களையும் ஒரு தாளில் எழுதினான். திரையில் தெரியும் எண்களோடு என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டான். எது மூலம், எது நகல் என்று மூன்று முறை கேட்டான். மாற்றிக் கொடுத்துவிட்டால் புது டிஸ்கின் வெறுமை, பழைய டிஸ்கின்மேல் அழகாக நகலாகிவிடும். அப்படி ஒருமுறை செய்துவிட்டு அழுத ஆளை அவனுக்குத் தெரியுமாம். யார் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் ஓட்டியது டிடிரெஸ்கியூ என்ற நிரல். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: கைக்கு எட்டும் காய்களை முதலில் பறித்து இறக்கிவிட்டு, ஒடிந்துவிடுமோ என்று பயப்படும் உச்சிக்கொம்புக்குக் கடைசியில் ஏறுவது. முதல் சுற்றில் முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிக்கொண்டு நல்ல இடங்களை எல்லாம் நகலெடுத்துவிடும். அதன்பிறகே விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கும். எது வரை எடுத்தோம், எது மிச்சம் என்பதைத் தனியாக ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்தக் குறிப்பு ஃபைலை நல்ல டிஸ்கிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்வது கட்டாயம். எங்களுக்கு அது கைகொடுத்தது: இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் போயிற்று, யுபிஎஸ் ஆறு நிமிடம் தாங்கிவிட்டுக் கூவி அடங்கியது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சாதாரண நகல் என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டத்தை டிஸ்க் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

500 ஜிபி. நல்ல பகுதி முழுவதும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. கடைசிச் சில எம்பிக்கு விடிய விடிய ஆயிற்று. நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். காலையில் கடை திறக்கும் நேரத்தில், மீளாமல் நின்றது நான்கு எம்பிக்குச் சற்றுக் குறைவு. சாகும் டிஸ்கிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் இவ்வளவு மீட்டதில்லை என்று மைத்துனன் பெருமைப்பட்டுக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் முயன்றதும் இல்லை.

நகலை அப்படியே வைத்துவிட்டு, அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்து அதில்தான் வேலையைத் தொடங்கினோம். 2017 ஃபோல்டர் திறந்தது. பெரியவரின் பத்திரிகையும் இருந்தது. ஆனால் அந்தக் கணினியில் திறந்தால் "திருமண அழைப்பிதழ்" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தலைகீழ்க் காற்புள்ளியுமாக ஏதோ கெட்ட வார்த்தை போல நின்றது. பழைய டிடிபி ஆட்களுக்கு இது உடனே புரியும். பக்கம் அமைக்க நாங்கள் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் 7.0 காலத்துத் தமிழ், எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் இன்றைய யூனிகோடு கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஃபைல் இருந்தும் இல்லாதது மாதிரிதான். விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரிலிருந்து எங்கள் எழுத்துருக்கள் நாற்பத்துச் சொச்சத்தையும் தனியாக எடுத்து வைத்தேன். இத்தனை ஆண்டுகளில் எழுத்துருக்களைத் தனியே நகல் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பத்திர எழுத்தர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள், பழைய தட்டச்சு மையங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: உங்கள் ஃபைலில் பாதிதான் ஃபைலில் இருக்கிறது, மீதி அந்த எழுத்துருவில் இருக்கிறது.

மீளாத நான்கு எம்பிக்குள் சிக்கியவை மூன்று ஃபைல்கள். இரண்டு எனக்குத் தேவையில்லாதவை. மூன்றாவது, பாலக்கோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றின் பாரதக்கூத்து நோட்டீஸ். பதினெட்டு நாள் நிகழ்ச்சி, எந்த நாள் எந்தக் கூத்து, எந்தக் குழு, உபயம் யார், ஊர்ப் பெரியவர்கள் யார் யார் என்று ஏ3 தாள் முழுக்கப் பெயர்கள். பெயர் வரிசை மாறினால் ஊரே சண்டைக்கு வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த அச்சுப் பிரதியைப் பார்த்து இரண்டு நாள் திரும்ப அடித்தேன்.

பெரியவர் நாலாம் நாள் வந்தார். திரையில் பத்திரிகையைக் காட்டினேன். ஓரத்துப் பூவேலை முதற்கொண்டு ஒவ்வொன்றாகப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டு, "இதற்கா நாலு நாள்?" என்றார்.

இனி எஸ்எஸ்டி கதை. சுற்றும் தட்டு இல்லாமல், பென் டிரைவ் போலச் சில்லுகளில் தகவலை வைக்கும் டிஸ்க் அது. என் கணினி 2009இல் வாங்கியது. ஜி31 சிப்செட், டிடிஆர்2 ரேம், அதிகபட்சம் 4 ஜிபி. இவ்வளவு பழைய பெட்டியில் எஸ்எஸ்டி போடுவது கிழட்டு மாட்டுக்கு வெள்ளிக் கொலுசு மாட்டுவது போல என்று நான்தான் மறுத்தேன். அந்த மதர்போர்டின் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட். இன்றைய எஸ்எஸ்டி 6 கிகாபிட் கேட்கிறது. பாதி வேகம்தானே வரும்?

நான் தவறாகக் கணக்குப் போட்டிருந்தேன். பழைய கணினி இழுத்துக்கொண்டு கிடப்பது பெரிய ஃபைலை வேகமாகப் படிக்க முடியாததால் இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரம் இடங்களில் தேட வேண்டியிருப்பதால். தட்டு நொடிக்கு 120 சுற்று. ஒரு துண்டு தகவல் தலைக்கு நேராக வந்து நிற்கவே சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். தலை அங்கே நகரும் நேரம் இன்னும் அதற்குமேல். இப்படிப் பார்த்தால் நொடிக்கு நூறு துண்டு தேடினால் அதிகம். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, ஆயிரக்கணக்கில் தேடும். பழைய சாட்டாவின் பாதி வேகம் அங்கே தடையே இல்லை.

240 ஜிபி எஸ்எஸ்டி, நான் வாங்கியபோது 1,650 ரூபாய். விண்டோஸ் அதை 223 ஜிபி என்று காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. என் 500 ஜிபியும் இத்தனை நாள் 465 என்றுதான் இருந்தது.

புதிதாக விண்டோஸ் போடுவதுதான் சுத்தம். என்னால் முடியவில்லை. பேஜ்மேக்கர் சிடி கீறல் விழுந்து படிக்க மறுத்தது. பழைய அமைப்பு அப்படியே வேண்டும். எனவே தேவையற்றதை எல்லாம் வேறு டிஸ்குக்கு நகர்த்தி, டிஸ்கில் விண்டோஸுக்கு ஒதுக்கிய பகுதியான பார்ட்டிஷனைச் சுருக்கி, மீட்ட நகலிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். சாகும் டிஸ்கிலிருந்து நேராக எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க முயலாதீர்கள். நடுவில் ஒரு நல்ல டிஸ்க் வேண்டும்.

கணினி எழுந்தது. வேகம் வந்ததுதான், ஆனால் ஃபைலைச் சேமிக்கும்போது விட்டு விட்டு இழுத்தது. அதற்கான காரணம் ஓர் எண்ணில் ஒளிந்திருந்தது. விண்டோஸின் கணினி விவரத் திரையில், டிஸ்க் பகுதியில், பார்ட்டிஷன் தொடங்கும் இடம் 32,256 என்று இருந்தது. 2016இல் புது டிஸ்க் மாட்டியபோது முதலில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, பின்பு அதே பார்ட்டிஷன்மேல் விண்டோஸ் 7 ஏற்றியிருந்தார்கள். டிஸ்கை 512 பைட் கொண்ட செக்டார்களாக எண்ணினால், எக்ஸ்பி 63ஆவது செக்டாரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் அந்த எண். அது 4,096ஆல் மீதியின்றி வகுபடாது. எஸ்எஸ்டியின் உள்கட்டங்களோடு நம் கட்டங்கள் பொருந்தாமல், ஒரு கட்டம் எழுத இரண்டு கட்டங்களைத் தொட வேண்டியதாகிறது. பார்ட்டிஷனை 10,48,576 என்ற இடத்துக்கு நகர்த்தியதும் இழுவை நின்றது. புதிதாக விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தியது போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. எக்ஸ்பி காலத்து அமைப்பைச் சுமந்துகொண்டு திரிகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

பேஜ்மேக்கர் முன்பு ஒரு வாய் டீ குடித்து முடிக்கும் நேரத்தில் திறக்கும். இப்போது தம்ளரைக் கையில் எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14உடன் நிறுத்திவிட்டதால், அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் பக்கத்து மேசையில். எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: ஏறாது. அது கேட்பது வேறு. பழைய பிராசசரையும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத மதர்போர்டையும் எஸ்எஸ்டி இளமையாக்கிவிடாது.

இதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அதில் நான் படித்தவை சில. ஒருவர் டிஸ்க் போய்விட்டது என்று கொண்டு வந்தார். 05, சி5 எல்லாம் பூஜ்யம், சி7 மட்டும் எகிறிக்கொண்டிருந்தது. அது கேபிளில் நடக்கும் பிழைக்கான கணக்கு. எண்பது ரூபாய்க் கேபிளில் முடிந்தது. இன்னொருவர் புதிது என்று சொல்லி விற்ற டிஸ்கை வாங்கி வந்தார். ஸ்டிக்கர் பளபளத்தது, 09 வரியைப் பார்த்தால் 31,000 மணி. மூன்றரை ஆண்டு இரவு பகல் ஓடியது. சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். அந்த மணிக்கணக்கையே அழித்து விற்பவர்களும் உண்டு, அதனால் பில்லும் வாரண்டியும் இல்லாத டிஸ்க் எனக்கு வேண்டாம். மூன்றாமவர் குச்சி போன்ற எம்.2 எஸ்எஸ்டியை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டார். அவர் மதர்போர்டில் அதற்குத் துளையே இல்லை. வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை.

மகளின் மடிக்கணினியில் மட்டும் சின்னச் சிக்கல். பழைய 2.5 அங்குல டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. உள்ளே ஆடியது. எஸ்எஸ்டியோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டியதும் நின்றது. அவள் பழைய டிஸ்க் ஏன் போயிற்று என்பதும் தெரிந்தது: மூடியைச் சாத்திவிட்டு, அது முழுதாக அடங்குமுன் பையில் போட்டுக்கொண்டு அரூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருவாள். சுற்றிக்கொண்டிருக்கும் தட்டுக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. எஸ்எஸ்டிக்கு ஆகும்.

எஸ்எஸ்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். பழைய டிஸ்க் முனகும், சுரண்டும், விளக்கைக் காட்டும். எஸ்எஸ்டி பல நேரம் எதுவும் சொல்லாது. நேற்று இருந்தது, இன்று, விண்டோஸ் எழுமுன் வரும் பயாஸ் திரையிலேயே தெரியாது. தவறி அழித்த ஃபைலை அதிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காது. அழித்த இடத்தை அதுவே உள்ளே துடைத்துவிடுகிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டு வைப்பதற்கும் அது ஏற்றதில்லை.

ஆகவே இப்போது இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகள். ஒன்று கடை இழுப்பறையில், ஒன்று வீட்டு பீரோவில், திங்கட்கிழமைதோறும் இடம் மாறும். நகல் எடுக்கும் நேரம் தவிர எதுவும் கணினியில் சொருகியிருக்காது. வைரஸ் வந்தாலும் மின்னழுத்தம் எகிறினாலும் இரண்டும் சேர்ந்து போகாது. 2016க்குப் பிறகும் நான் நகல் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், பென் டிரைவில். 2023இல் அதைத் தேடி எடுத்துப் பார்த்தபோது கடைசித் தேதி 2018 மார்ச். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாததால் நாட்காட்டியில் திங்கட்கிழமைகளைச் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தும் பார்க்கிறேன், எழுத்துருவோடு.

செத்த 500 ஜிபியை என்ன செய்வது என்பது கடைசி வேலை. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். அதில் ஊரார் ஆதார் நகல்கள், பட்டா, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஏழு ஆண்டுகளாக ஸ்கேன் செய்தவை அத்தனையும் இருந்தன. கணினிக்குப் படிக்க முடியாவிட்டாலும், முனைந்தால் இன்னொருவர் படிக்கலாம். எழுத முடிந்த இடம்வரை பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, மூடியைக் கழற்றி, தட்டுகளை எடுத்து டிரில்லிங் மெஷினால் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு துளைகள் போட்டேன். மேசைக் கணினி டிஸ்கின் தட்டு அலுமினியம் என்பதால் வளைந்து கொடுத்தது. மடிக்கணினி டிஸ்கில் கண்ணாடித் தட்டும் இருக்கும். சுத்தியலால் அடித்தால் சிதறிக் கண்ணில் பாயும், துணியில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

துளை போட்ட தட்டு இரண்டும் இப்போது ஊரில் அம்மாவின் அவரைப் பந்தலில் தொங்குகின்றன. வெயிலில் சுழன்று மின்னுவதைப் பார்த்துக் கிளி வருவதில்லை என்கிறார். இன்னும் இரண்டு தட்டு கிடைக்குமா என்று போன வாரம்கூடக் கேட்டார்.